துண்டுக் குழுவில் பதினொரு பேர்

1

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாயிலிருந்து. காகிதத்துக்கு வருமுன்பே இதன் முக்கியமான பகுதியைப் பதினொரு பெண்களிடம் சொல்லிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் சுப்ரஜாவின் ஆராய்ச்சி அழகாக முடிந்திருக்கும், எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

சுப்ரஜா எங்கள் எதிர் ஃப்ளாட் ஸ்ரீநிவாசனின் பெண். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிற எங்கள் காலனியில் டாக்டர்கள் உண்டு, அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் உண்டு, விமானப்படையில் ஓய்வு பெற்று இன்னும் அதே மிடுக்கோடு குப்பை கொட்டப் போகிறவர்கள் உண்டு. ஆராய்ச்சியாளர் என்று இருப்பவள் இவள் ஒருத்திதான். பிசியோதெரபி படித்து, ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்லூரி ஒன்றில் மூன்று வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். விஷயம், கால். [அவள் சொன்ன முழுத் தலைப்பு நான்கு வரி. ஒரு சீட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன். அதன் மேலேயே ரசப்பொடி அளவையும் எழுதிவிட்டேன்.]

பெருமையாகத்தான் சொல்கிறேன். கதை முடியும்வரை இந்தப் பெருமை குறையாது. நடுவில் என் தலை மட்டும் கொஞ்சம் குனியும்.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதினேன், மூன்றையும் அடித்தேன். அடித்ததை இங்கேயே விட்டுவைக்கிறேன். சுப்ரஜா தன் நோட்டில் எதை அடித்தாலும் ஒரு கோடு மட்டும்தான் இழுப்பாள். அடியில் இருப்பது படிக்கக் கிடைக்க வேண்டும். அது அவர்கள் தொழிலில் ஒழுங்காம். நான் கிறுக்கி மறைக்கிற ரகம். இந்தக் கதைக்காக மட்டும் அவள் வழி.

முதல் ஆரம்பம்: "தாம்பரம் ரயில் நிலையத்தில் பீச் லோக்கல் கிளம்பும் விடியற்காலைப் பனி மூட்டத்தில், கையில் கூடையுடன் ஒரு பெண்…"

இந்தக் கதையில் யாரும் ரயில் ஏறுவதில்லை. தாம்பரம் என்றதும் கை தானாக ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது. பனியும் கிடையாது, எல்லாம் ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் நடந்தது, வேர்த்து ஊற்றியது.

இரண்டாவது: "மனித உடம்பின் இரண்டாவது இதயம் எது தெரியுமா? கெண்டைக்கால். நிற்கிற உடம்பில் கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளி அனுப்புகிற…"

ஓரத்தில் சுப்ரஜாவின் பென்சில்: "இது க்ளினிக் சுவத்துல ஒட்டற வாசகம் மாமி. தப்பில்லை. ஆனா என் ஆராய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பத்தி இல்லை."

மூன்றாவது: "ரோஸி அழுதாள்."

இரண்டே சொல். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதனால் வந்த வம்பை நான்காவது பகுதியில் சொல்கிறேன்.

3

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிட்டால் மேலே போகலாம்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல், தினமும் நடக்கிற அல்லது ஓடுகிற, குதிகால் நரம்பு* வலிக்கிற முப்பத்தாறு பெண்கள். எல்லோரும் எங்கள் காலனி மைதானத்துக்கு வருகிறவர்கள். அவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். பதினெட்டுப் பேர் படிக்கட்டுக் குழு: படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எம்பி, பிறகு ஒரு காலால் மட்டும் குதிகாலை மெதுவாக, மிக மெதுவாக, படிக்குக் கீழே இறக்க வேண்டும். பதினெட்டுப் பேர் துண்டுக் குழு: காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் ஒரு துண்டை மாட்டித் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வாரம். இரண்டில் எது காலுக்குப் பலம் தருகிறது என்பதுதான் கேள்வி.

பலத்தை எப்படி அளப்பது? ஒற்றைக் காலில் நின்று, டிக் டிக் என்று அடிக்கிற ஒரு கருவியின் தாளத்துக்குக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். முடியாமல் போகும்வரை எண்ணுவார்கள். ஆரம்பத்தில் இரண்டு குழுவிலும் சராசரி பதினொன்று. படிக்கட்டுக் குழுவில் இருந்த நான் எட்டு. என் வீட்டுக்காரர் பத்ரி கதவருகே நின்று எண்ணி, "எட்டா?" என்று கேட்டார். அவரை உட்கார வைத்து அளந்தாலே மூச்சு வாங்கும், அது வேறு கதை.

எண்ணுகிறவள் சுப்ரஜா. ஆனால் யார் எந்தக் குழு என்பது அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் தன்னையறியாமல் ஒன்றிரண்டு கூட எண்ணிவிடுவாளாம். குழுப் பட்டியல் அவளுடைய ஜூனியர் ஜோவிதாவிடம் பூட்டி இருந்தது. பயிற்சி சொல்லிக் கொடுத்ததும் ஜோவிதாதான்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி. உங்கள் குழுவில் என்ன செய்கிறீர்கள் என்று அடுத்த குழுவிடம் சொல்லாதீர்கள்.

இதைச் சுப்ரஜா கேட்டுக்கொண்டது யாரிடம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே மைதானத்தைச் சுற்றுகிற, ஒரே கீரைக்காரிக்கு மாடியிலிருந்து கூடை இறக்குகிற, யார் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரிந்த முப்பத்தாறு பெண்களிடம். மூன்றாவது தெருவில் மாடியிலும் கீழுமாக இருக்கிற இரண்டு ஓரகத்திகளில் மாடிக்காரி துண்டு, கீழ்வீட்டுக்காரி படிக்கட்டு. அந்த வீட்டில் படிக்கட்டு ஒன்றுதான். கீழ்வீட்டுக்காரி காலை ஆறு மணிக்கு அதில் நின்று இறங்கி ஏறினால் மாடிக்காரி வேறெங்கே பார்ப்பாள்? சுப்ரஜா கெட்டிக்காரி, தங்கப் பதக்கம் வாங்கியவள். ஆனால் பிறந்து வளர்ந்த தெருவை அவளால் அளக்க முடியவில்லை. கூட இருக்கிறதை யாருக்குத்தான் அளக்கத் தெரிகிறது.

* சுப்ரஜாவின் பென்சில்: "நரம்பு இல்லை மாமி. தசைநாண். கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போட கட்டற கயிறு." சரி. தசைநாண். ஆனால் எங்கள் தெருவில் நரம்பு என்றுதான் வலிக்கிறது.

4

ரோஸிக்கு நாற்பத்தெட்டு வயது. அகரம்தென்னிலிருந்து வருகிறவள். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறாள். வேலை என்று எழுதாமல் நிற்கிறாள் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. காலை பத்திலிருந்து நின்றால் நின்றதுதான். பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். முப்பது வருடம் விட்டுவிட்டு, மூன்று வருடமாக மறுபடி ஓடுகிறாள். விடியற்காலை சைக்கிளில் வந்து மைதானத்தில் எட்டுச் சுற்று. அவளுக்கு விழுந்தது துண்டுக் குழு.

என் முதல் பிரதியில் அவளை அழ வைத்திருந்தேன். மெலிந்த தோள், கிழிந்த காலணி, கலங்கிய கண். எழுதி முடித்த கையோடு அவளுக்கே போனில் அனுப்பினேன். மறுநாள் புடவை பார்க்கிற சாக்கில் கடைக்கே போனேன். ஒரு மயில் கழுத்து நிறப் புடவையை விரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இன்னா மாமி, நா எப்ப அழுதேன்?"

"கதைதானே ரோஸி. கொஞ்சம் உருக்கம் வேணும்."

"உருக்கம் வேணும்னா நீங்க அழுங்க. என் பேர்ல ஏன் அழுவுறீங்க?"

"அன்னிக்கு நீ நொண்டிண்டு வந்தியே."

"நொண்டிகினுதான் வந்தேன். கால் வலிச்சா நொண்டுவாங்க. அதுக்கு அழுவாங்களா? அப்புறம் அது இன்னா கிஞ்ச செருப்பு? ஓடற ஷூ அது, என் தங்கச்சி பையன் துபாய்லேர்ந்து வாங்கியாந்தது. அத்த எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஆரஞ்சு நிறம்.

"உக்கார நாற்காலி போட்டிருக்காளே, கடையில நிக்கறவாளுக்கு நாற்காலி தரணும்னு சட்டம் வந்ததுக்கப்புறம்?" என்று பேச்சை மாற்றினேன்.

"போட்ருக்காங்க. அது மேல அட்டைப் பொட்டி வெச்சிருக்காங்க. பொட்டி உக்காந்துகினு கீது, நா நின்னுகினு கீறேன். இந்த ஜரிகைய பாருங்க, எடுத்துக்குறீங்களா?"

எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெண்ணை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னமும் சந்தேகம். பாவம் என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டாள். வீராங்கனை என்று எழுதலாம் என்றால் எட்டாவது சுற்றில் திருட்டுத்தனமாகக் குறுக்கே வெட்டி ஓடுவதை என் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். [இதைப் படித்துவிட்டு, "அது கூல் டவுன் மாமி" என்று செய்தி அனுப்பினாள்.]

5

இனி நான் செய்தது.

ஆவணி மூன்றாவது வாரம். மைதானத்து சிமென்ட் பெஞ்சில் ரோஸி உட்கார்ந்து ஆரஞ்சு ஷூவைக் கழற்றிக் குதிகாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரத்தில் மூத்தோர் தடகளப் போட்டி, மாவட்ட அளவு, எண்ணூறு மீட்டர். பேர் கொடுத்துவிட்டாள்.

"துண்டு இழுத்துகினே கீறேன் மாமி. அது இன்னாவோ துணி காயப்போடற மாதிரி கீது. கால்ல ஒண்ணும் தெரியல. நீங்க இன்னா பண்றீங்க, நல்லா விசுக்கு விசுக்குன்னு நடக்குறீங்களே?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன் என்று எழுத ஆசை, மூடவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் மேடைக்குப் போகிற மூன்று படி இருக்கிறது. ஏறி நின்று செய்தே காட்டினேன்.

இரக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி இரக்கம். மீதிப் பாதி, தெரிந்த ஒன்றைத் தெரியாத ஒருத்தியிடம் சொல்லும்போது நாக்கில் ஊறுகிற ருசி. அது ஊறிவிட்டால் ஒருத்தியோடு நிற்காது. அந்த மாதத்துக்குள் மாடிக்கார ஓரகத்தியிடம் சொன்னேன், அவள் பாதி ஏற்கெனவே பார்த்திருந்தாள். கோயிலில் ஒருத்தி. மாவு மில்லில் இரண்டு பேர். இப்படியே போய் மொத்தம் பதினொன்று. ஒவ்வொருத்தியிடமும் "யாருக்கும் சொல்லாதே" என்று சொல்லித்தான் சொன்னேன்.

ஐப்பசியில் சங்கத்து ஹாலில் கடைசி அளவு. ரோஸி ஒற்றைக் காலில் நின்று எம்பினாள். இருபது தாண்டியது, இருபத்தைந்து தாண்டியது. முப்பத்தொன்றில்தான் கால் நின்றது. எண்ணிக்கொண்டிருந்த சுப்ரஜா கடைசி எண்ணை ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னாள். சந்தோஷத்தில். வரிசையில் நின்ற எனக்கு—

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்படி முடித்தாலும் என்னை நல்லவளாகக் காட்டுகிறது.]

6

நான்கு நாள் கழித்துச் சாயங்காலம் சுப்ரஜா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தினமும் வருவாள், அவள் அம்மா வேலையிலிருந்து வர ஏழாகும், என் டிகாக்‌ஷன் ஐந்துக்கே இறங்கிவிடும். அன்று வந்தவள் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"பட்டியலைத் திறந்துட்டோம் மாமி. படிக்கட்டு இருபத்தொண்ணு. துண்டு பதினெட்டு."

"மூணு கூடத்தானே இருக்கு?"

"மூணு போறாது. சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்துலயே மூணு வந்துடும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னுதான் சொல்லணும்." டம்ளரைத் தரையில் வைத்தாள். "ரோஸி அக்காவை நான் படிக்கட்டுன்னு நினைச்சேன். அவா துண்டாம். துண்டுல முப்பத்தொண்ணு. அப்போ மூணு வருஷமா நான்தான் தப்பா நினைச்சிண்டிருக்கேன் போல இருக்கு. அப்படியும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே செஞ்சது."

அழவில்லை. தான் தப்பாக இருக்கலாம் என்பதை, பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொன்னேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்ரீநிவாசன் பெண் அல்லவா, அவர் அபார்ட்மென்ட் கூட்டத்தில் லிஃப்டுக்காகக் கத்தினால் மைதானத்தில் கேட்கும். இவள் எழுந்து போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது, கை மட்டும் நேராகக் கோடு போட்டது.

"யார் யார்கிட்ட சொன்னேள்? என்னிக்கு? முழுக்கச் சொன்னேளா, பாதியா?"

"மாவு மில்லுல ரெண்டு பேர்கிட்ட, ஆவணி கடைசி ஞாயிறு. மில்காரர் மெஷினை நிறுத்தினப்போதான் சொல்ல முடிஞ்சது, அதனால முழுக்க. கோயில்ல சொன்னது பிரதோஷத்தன்னிக்கு, நந்தி அபிஷேகத்துக்கு முன்னாடி. அவளுக்குப் பாதிதான், மணி அடிச்சுட்டா. மறுநாள் ஃபோன்ல மீதி."

பதினொரு பேரையும் நாளோடு, இடத்தோடு, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதோடு சொன்னேன். சுப்ரஜா பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எப்படி மாமி இத்தனையும் ஞாபகம் இருக்கு?"

"சொன்னது மறந்துட்டா, அடுத்த தடவை மாத்திச் சொல்லிடுவோமே."

அப்போதே அவளுடைய வழிகாட்டி தேவானந்தம் சாருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில். எனக்காக என்று நினைக்கிறேன்.

"பதினொண்ணையும் எடுத்துடும்மா," என்றார் அவர். "விதிய மீறினவங்க. நியாயமான காரணம்தான். மிச்சம் ஏழு பேர் சராசரி என்ன?"

"பதிமூணு சார்."

"பாத்தியா. இருபத்தொண்ணுக்குப் பதிமூணு. பளிச்னு நிக்குது. தை மாசம் தீசிஸ் குடுத்துடலாம்."

எனக்கு உயிர் வந்தது. பதினொரு பேரை எடுத்துவிட்டால் என் பாவமும் போய்விடும். சுப்ரஜா என் பக்கம் திரும்பினாள்.

"மாமி, அந்த ஏழு பேர்கிட்ட ஏன் சொல்லலை?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் கூசியது. "காந்திமதி ஸ்கூட்டரை என் இடத்துல நிறுத்தறா. பாலாம்பாள் போன நவராத்திரிக்கு என்னைக் கூப்பிடலை. ஸ்ரீவித்யா என் பையன் கேஷவைப் பத்தி ஒண்ணு சொன்னா. ரெண்டு பேர் ஆபீஸ் பஸ் பிடிக்க ஓடறா, கையில கிடைக்க மாட்டா. தீபலட்சுமிகிட்ட சொல்லலாம்னு ரெண்டு தரம் போனேன், அவ பேச விடலை. ஏழாவது என் நாத்தனார்."

சுப்ரஜா போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டேளா சார்?" என்றாள் சுப்ரஜா. "ரொம்ப வலி இருக்கறவா, இவாளை நிறுத்திக் கேட்டவா, ஆர்வமா இருக்கறவா, எல்லாரும் அந்தப் பதினொண்ணுல போயிட்டா. மிச்சம் ஏழு சீட்டுக் குலுக்கி வந்த ஏழு இல்லை. மாமியோட சண்டை பிரிச்சுக் குடுத்த ஏழு. அதை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. எந்தக் குழுவுல சேர்த்தோமோ அந்தக் குழுவுலயே எண்ணணும்னு நாமளே முன்னாடி எழுதிக் குடுத்திருக்கோம்."

"இன்னும் ஒண்ணரை வருஷம் ஆயிடும்மா. புதுசா முழுக்கப் பண்ணணும்."

"ஆகட்டும் சார்."

அவர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் ஊதல் மாதிரி கேட்டது. பிறகு, "சரி. நான் சொன்னத மறந்துடு," என்றார். நல்ல மனுஷர்தான்.

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "உங்க சண்டையால நான் டாக்டர் ஆகக் கூடாது மாமி." அதற்குப் பிறகுதான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தாள்.

7

கதையை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் பேச வேண்டும்.

கதை எழுதுகிறவளுக்கு யாரை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். யாரும் கேட்பதில்லை. கேட்காததோடு நில்லாமல் "கச்சிதமாக இருக்கிறது" என்று பாராட்டவும் செய்வார்கள். நான் இந்தக் கதையிலிருந்து எடுத்தவர்கள்: வாரம் தவறாமல் முப்பத்தாறு பேருக்கும் போன் செய்து பயிற்சியை விசாரித்த ரத்தினம் என்கிற மாணவர், ஹால் சாவியைக் கொடுக்க மறுத்து மூன்று நாள் இழுத்தடித்த சங்கச் செயலாளர், படிக்கட்டுக் குழுவில் இருந்து ஒரு நாள்கூடப் பயிற்சி செய்யாமல் வாரா வாரம் "ஆச்சு" என்று சொன்ன ஒருத்தி. [அவள் எண்ணிக்கை ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைந்தது. அவளையும் சுப்ரஜா படிக்கட்டிலேயே எண்ணினாள்.] இவர்களை எடுத்ததும் கதை பளிச்சென்று நின்றது, தேவானந்தம் சார் சொன்ன மாதிரியே.

வம்பு பேசுவதும் இப்படித்தான். ஒருத்தி சொன்னதில் பாதியை எடுத்துவிட்டால் மீதி இன்னும் ருசி. ஐம்பத்தாறு வருடமாக இதை நான் ஒரு குற்றமாக நினைத்ததில்லை. எதிர் ஃப்ளாட்டில் வளர்ந்த ஒரு பெண், தனக்கு வேண்டிய பதிலுக்காகப் பதினொரு பேரை எடுக்க மாட்டேன் என்று என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னபோதுதான் இது உறைத்தது. அதனால் எடுத்தவர்களை மேலே திரும்பப் போட்டிருக்கிறேன். கதை கொஞ்சம் தொங்குகிறது. தொங்கட்டும்.

8

முடிவுகள்.

முடிவு அ: மூத்தோர் தடகளப் போட்டியில் ரோஸி தங்கம் வாங்குகிறாள். வாங்கவில்லை. மூன்றாவது. ஓடியவர்கள் நான்கு பேர். ஆனால் அந்த மூன்றாவதைக் கண்ணால் பார்த்தவள் நான். கடைசி நூறு மீட்டரில் முன்னால் போனவளைத் தாண்டியபோது காலனியிலிருந்து வேன் பிடித்துப் போன பதினான்கு பேரும் கத்திய கத்தலில் நடுவர் விசில் அடித்து எங்களை உட்காரச் சொன்னார்.

சுப்ரஜாவின் பென்சில்: "ரோஸி அக்கா ஓடினதுக்கு என் பயிற்சிதான் காரணம்னு எழுதாதீங்கோ. ஒருத்தரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

ரோஸி: "அவ சொல்றதே கரெக்டு. நா ஓடினேன், நா வந்தேன். படிக்கட்டா ஓடிச்சு?" வெண்கலப் பதக்கம் கடையில் அந்த அட்டைப் பெட்டிக்கு மேலே இரண்டு நாள் தொங்கியது. மூன்றாவது நாள் முதலாளி பெட்டியையே எடுக்கச் சொல்லிவிட்டாராம். காரணம் பதக்கமா, அடுத்த வாரம் வரப்போவதாகச் சொன்ன தொழிலாளர் துறை அதிகாரியா என்று தெரியாது. இதையும் நான் நிரூபிக்கவில்லை.

முடிவு ஆ: கல்லூரியில் சுப்ரஜா தன் ஆராய்ச்சியை எல்லோர் முன்னாலும் வைக்கிறாள். இது நடந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்; ஸ்ரீநிவாசன் எனக்கு முன்வரிசையில், கைக்குட்டையோடு. திரையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை என்று முதல் பட்டியல். அடுத்த பட்டியலில் பதினொரு வரிசை: எந்த வாரம், எந்த இடம், முழுமையாகவா பாதியாகவா. பெயர்கள் இல்லை. அந்தப் பதினொரு பேரின் சராசரியும் இருபத்தொன்று என்று ஓரத்தில் இருந்தது. "இதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது, மறுபடி சோதிக்கக் காரணம் மட்டும் இருக்கிறது," என்றாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷத்துல ஒரு சோதனை எப்படிக் கசிஞ்சதுன்னு தேதி வாரியா யாரும் எனக்குக் காட்டினதில்லை. இது எப்படிக் கிடைச்சது?"

"எங்க தெருவுல ஞாபக சக்தி நன்னா இருக்கற ஒருத்தர் இருக்கார் மேடம்."

திரும்பிப் பார்க்கவில்லை அவள். ஆனால் ஸ்ரீநிவாசன் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் ஒரு கல்லூரித் திரையில் என் வாய் பட்டியலாக நின்றது. தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன்.

இங்கே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆராய்ச்சி முடியவில்லை.

9

இப்போது இரண்டாவது சோதனை நடக்கிறது. இந்த முறை ஒரே மைதானத்துக்குள் பெண்களைப் பிரிக்கவில்லை. எட்டு ஊர், எட்டு மைதானம்: பள்ளிக்கரணை, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர், பொத்தேரி. ஒரு ஊர் முழுக்கப் படிக்கட்டு, இல்லையென்றால் முழுக்கத் துண்டு. உள்ளுக்குள் எத்தனை பேசினாலும் கசிவதற்கு ஒன்றும் இல்லை. சேலையூரைச் சேர்க்கவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை. எந்த ஊர் எந்தக் குழு என்பது ஜோவிதாவுக்கு மட்டும் தெரியும். எண்ணப்போகிற சுப்ரஜாவுக்குத் தெரியாது. எண்ணி முடிக்கும்வரை தெரியவே கூடாது. தெரிந்தால் இந்த ஒன்றரை வருடமும் போச்சு.

எனக்குத் தெரியும்.

தேடிப் போகவில்லை, நம்புங்கள். இந்தப் பருவத்தில் எனக்கு ஐந்து விசேஷம். அந்த எட்டு ஊர்களில் நாலு ஊருக்குப் போய் வந்தாயிற்று. அதில் ஓரிடத்தில், விசேஷ வீட்டுக்கு எதிரே, ஆறேழு பெண்கள் [இங்கே மூன்று வரி இருந்தது. ஒரு கோடு போட்டு அடித்தால் படித்துவிடலாம். அதனால் இதை மட்டும் என் வழியில் கிறுக்கி மறைத்துவிட்டேன்]. பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்கவும் செய்தேன். கால் எப்படி இருக்கிறது, முன்னால் எத்தனை, இப்போது எத்தனை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும்.

இந்தக் கதையை முதலில் படிக்கப்போகிறவள் சுப்ரஜா, கையில் பென்சிலோடு. அதனால் ஊரும் சொல்ல மாட்டேன், அந்தக் கால்கள் எப்படி இருக்கின்றன என்றும் சொல்ல மாட்டேன். அது எந்த விசேஷம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். முடிவு உங்களுக்கு வேண்டுமென்றால் எட்டில் ஒரு ஊரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே படியையோ துண்டையோ வையுங்கள். வைத்ததை எனக்கு எழுதாதீர்கள். சரியாக வைத்திருந்தால் என் முகத்தில் தெரிந்துவிடும், அவள் தினமும் ஐந்து மணிக்கு வருகிறாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்து யாரிடமும் சொல்லாமல் நேற்று இருபத்திரண்டாவது நாள். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, டம்ளரை ஊதிக்கொண்டே கேட்டாள்:

"ஒரு மாசமா ஊர் ஊராப் போயிண்டு வரேளே மாமி, என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லையே."

"நீங்களா ஒண்ணுமில்லைங்கறேள்?"

நாக்கில் ஊறியது. பத்ரி பேப்பரைக் கீழே இறக்கி என்னையே பார்த்தார்.

"எல்லா இடத்துலயும் சாப்பாடு நன்னா இருந்தது," என்றேன்.

"வேற?"

"பாயசம் ரெண்டு தரம் போட்டா."